பதினான்காம் பாடத்துக்குப் பிழைதிருத்தம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் எழுதுவது. கடிதத்தின் முதல் வரியில் ‘இங்கு அனைவரும் நலம்’ என்று எழுதிவிட வேண்டும் என்று முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அப்படி எழுதத்தான் பேனாவை மையில் தோய்த்தேன். ஆனால் ‘அனைவரும்’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பதில் கொஞ்ச நாளாக எனக்குச் சந்தேகம் வந்திருப்பதால், அந்த வரியைக் கடிதத்தின் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அங்கே என் தங்கையும், உங்கள் பையன்கள் இருவரும், அவர்களைவிட நீங்கள் அதிகமாகச் சீராட்டும் அச்சு மெஷினும் சுகமென்று நம்புகிறேன். தங்கையின் முழங்கால் வலி தேவலையா என்று கேட்டதாகச் சொல்லவும்.

என் தங்கையின் கணவர் என்ற முறையில் உங்களுக்குச் செலுத்த வேண்டிய மரியாதையில் நான் துளியும் குறை வைக்க மாட்டேன். அச்சாபீஸ் முதலாளி என்ற முறையில் உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆளாகப் போய்விட்டதால் யாரைப் பார்த்துக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் மூன்று வாரம் பொறுத்திருந்தேன். இனிமேல் பொறுக்க முடியாது. நம் இரண்டாம் வாசகப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை இந்த மாதமே மெஷினில் ஏற்றப் போவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். ஏற்ற வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு நான் அந்தக் கட்டைப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கோ கடல் கடந்து மூடிப்போன ஓர் அச்சாபீஸிலிருந்து, படம் செதுக்கிய மரக்கட்டைகள் ஒரு பெட்டி நிறைய வந்து சேர்ந்த அன்று நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. “மச்சான், படம் தயாரா இருக்கு. நீங்க படத்துக்கு ஏத்த மாதிரி பாடம் எழுதிக் கொடுத்திடுங்க, புத்தகம் முடிஞ்சுது” என்றீர்கள். உலகத்தில் எல்லாரும் பாடத்தை எழுதிவிட்டுப் படம் வரையச் சொல்வார்கள். நாம் தலைகீழாகச் செய்தோம். புகைபோக்கி மாதிரித் தொப்பி வைத்த மனிதனை ‘நேர்மையான வியாபாரி’ ஆக்கினேன். அடுப்புக்குப் பக்கத்தில் தூங்கிய பூனையை ‘நன்றியுள்ள பூனை’ என்றேன். அது நன்றியோடுதான் தூங்குகிறது என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் கரடி ஒன்று இருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கரடியால் என்ன ஒழுக்கத்தைப் போதிப்பது என்று இரண்டு நாள் யோசித்து, பள்ளிக்குப் போகாமல் வழியில் வேடிக்கை பார்த்த பையனை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ‘கரடி மெல்ல நிமிர்ந்தது’ என்று பாடம் முடிகிறது. பாடப்புத்தகக் கமிட்டியார் மிகவும் பாராட்டினார்கள்.

அப்படி முடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் நீங்கள்தான். ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம், அதில் பாதி படம், மிச்சத்தில் பன்னிரண்டு வரி என்று அளந்து கொடுத்தீர்கள். தப்பு செய்த பிள்ளையை வருந்த வைத்து, அழ வைத்து, மன்னிப்புக் கேட்க வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க நாலு வரியாவது வேண்டும். ஆளையே முடித்துவிட ஒரு வரி போதும். இதைக் கண்டுபிடித்த பிறகு என் வேலை மிகவும் சுலபமாகிவிட்டது. கிணற்றை எட்டிப் பார்த்தவன் விழுந்தான். கிளையில் ஏறியவன் விழுந்தான். சொல்லாமல் படகை அவிழ்த்தவன் போனான். படகு மட்டும் கரைக்கு வந்தது. கரடியிடம் ஒருவன். ஆக நாலு பிள்ளைகள். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன்.

இப்போது பதினான்காம் பாடம். பெட்டியின் அடியில் ஒரு கட்டை மிஞ்சியது உங்களுக்கு நினைவிருக்கும். எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் சின்னக் கூடை, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூடிய கதவின் முன்னால் நிற்கிறாள். அவ்வளவுதான். முகம் கிடையாது. “இந்தக் கட்டை சும்மா கிடக்குது மச்சான், இதுக்கும் ஒண்ணு எழுதிடுங்க” என்றீர்கள். எழுதினேன். தாய் சொல்லைத் தட்டி வெளியே விளையாடப் போகிறாள் ஒரு பெண். பெரியவர்கள் அனுமதி இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது என்பது பாடத்தின் நீதி. அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, பெயர் வைத்தால் ஒரு வரி கூடும் என்று. ஆனால் மாப்பிள்ளை, இவளை நான் முடிக்கவில்லை. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் அல்லவா, கை வரவில்லை. என் கையெழுத்துப் பிரதியில் கடைசி மூன்று வரிகள் இப்படி இருந்தன: ‘பொழுது சாயும் வேளையில் அவள் அழுதுகொண்டே வந்து கதவைத் தட்டினாள். தாய் கதவைத் திறந்தாள். அவளை அணைத்து உள்ளே அழைத்துக்கொண்டாள்.’

பத்து நாள் கழித்து உங்களிடமிருந்து கார்டு வந்தது. ‘பதினாலாம் பாடத்தில் இரண்டு வரி அதிகம். பக்கத்தில் இடம் இல்லை. வெட்டவும்.’ அந்தக் கார்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் என்ன செய்தேன் தெரியுமா. சாப்பாட்டுக்கு மனைவி கூப்பிட்டாள், தபாலுக்கு நேரமாகிவிட்டது, என்னிடமிருந்த பிரதியில் மூன்று வரியையும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு ‘அவள் திரும்பி வரவே இல்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். கணக்கு சரியாக இருந்தது. இரண்டு வரி மிச்சம். ஒரு குழந்தை வெளியே நின்றுவிட்டது.

புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்து, இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்வையாளராகக் கூப்பிட்டார்கள். நூலாசிரியர் வந்திருக்கிறார் என்று டீச்சரம்மா முப்பத்தொரு பெண்களையும் எழுப்பி நிறுத்தி, பதினான்காம் பாடத்தை ஒரே குரலில் வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு, என் வாக்கியங்கள் எவ்வளவு ஒழுங்காக நடக்கின்றன என்று ரசித்துக்கொண்டிருந்தேன். ‘அவள் திரும்பி வரவே இல்லை’ என்று முடித்தார்கள். நான் கண்ணைத் திறந்து தலையாட்ட ஆரம்பித்தேன். அவர்கள் மூச்சுவிட்டு, அதே ராகத்தில், அதே குரலில் இன்னொரு வரி வாசித்தார்கள்: ‘கதவு உட்புறம் தாழிட்டிருக்கிறது.’ வாசித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

அப்படி ஒரு வரியை நான் எழுதவில்லை. டீச்சரம்மாவிடம் சொன்னேன். அவர் பாவம், என்னைவிடத் திகைத்துப்போனார். “புத்தகத்துலயே இருக்குன்னுல்ல நெனச்சேன் ஐயா. தினமும் இப்படித்தான் வாசிக்கிறாங்க” என்றார். முப்பத்தொரு புத்தகத்தையும் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். ஒன்றிலும் அந்த வரி இல்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரர் மகளிடம், இல்லாத வரியை ஏனம்மா வாசித்தாய் என்று கேட்டேன். “அவ சொன்னா. அதனால நாங்களும் சொன்னோம்” என்றது. எவள் என்று கேட்டேன். முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் வகுப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவு சாத்தியிருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, பக்கத்து வகுப்பின் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

பெண்கள் ஒன்றுகூடிச் செய்த குறும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பையன்கள் பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் எழுதினார், பதினான்காம் பாடத்தில் ஒரு வரி அச்சில் விட்டுப்போயிருக்கிறது, பிள்ளைகள் சரியாகச் சொல்கிறார்கள், புத்தகம்தான் தப்பு என்று. அதற்கு அடுத்த வாரம் மூன்றாவதாக ஒரு பள்ளிக்கூடம். இந்த மூன்று பள்ளிப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. நான் இன்ஸ்பெக்டருக்கு விரிவாக ஒரு புகார் எழுதினேன். அவர் நேரில் போய் வாசிக்கக் கேட்டுவிட்டு எழுதிய அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. ‘பாடங்கள் பொதுவாகச் சுமார். பதினான்காம் பாடத்தின் கடைசி வரி மட்டும் உள்ளத்தைத் தொடுகிறது.’ மாப்பிள்ளை, நான் மறைக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, பொறாமை. இருபது பாடம் எழுதியவன் நான். பாராட்டு, எழுதாத வரிக்கு.

அடுத்தது படம். உங்கள் மெஷின்காரரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் இதை அவரிடம் காட்டுங்கள். நீங்கள் அனுப்பிய முதல் புரூஃபில் அந்தப் பெண்ணின் இரண்டு கையும் கூடையின் பிடியில் இருக்கின்றன. என் அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும் புத்தகங்களிலும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் இருக்கும் பிரதிகளில் ஒரு கை தூக்கியிருக்கிறது. நன்றாக அழுக்கேறி, முனை மடிந்து, அதிகம் வாசிக்கப்பட்ட பிரதிகளில் அந்தக் கை கதவின்மேல் இருக்கிறது. மை அதிகம் போட்டதால் பரவியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காகிதம் மட்டம் என்றும் சொல்லிக்கொண்டேன். மை பரவினால் கை மேலே போகுமா என்பதை அச்சுத் தொழில் தெரிந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு நின்றிருந்தால் உங்களுக்கு ஒரு கார்டோடு முடித்திருப்பேன். இனி எழுதுவது வீட்டு விஷயம். எங்களுக்குக் காலம் கடந்து பிறந்த எங்கள் வாயாடியை உங்களுக்குத் தெரியும். போன விடுமுறையில் அங்கே வந்திருந்தபோது, உங்கள் அச்சுக் கோர்க்கும் ஆட்கள் வேலை செய்ய முடியாமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டதாக நீங்களே சொன்னீர்கள். அவள் இப்போது இரண்டாம் வாசகம் படிக்கிறாள், அதாவது அப்பா எழுதியதை. மூன்று வாரமாக அவள் வாயிலிருந்து ஒரு வாக்கியத்துக்கு மேல் வருவதில்லை. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முன்னறையில், தெருக்கதவுக்கு ஒட்டி உட்கார்ந்து, கதவில் காதை வைத்துக்கொள்கிறாள். சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்தால் பாதியை ஒதுக்கி வைக்கிறாள். யாருக்கு என்று அவள் அம்மா கேட்டதற்கு, “அவளுக்கும் பசிக்கும்ல” என்றாளாம். வாயாடி வாயை மூடினால் வீடு எவ்வளவு பெரியதாகிவிடுகிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

முதல் நாள் நான் அவளிடம் கோபித்துக்கொண்டேன். “அது கதைம்மா. அப்பா சும்மா எழுதினது. அப்படி ஒரு பொண்ணே கிடையாது” என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “அப்ப கதவத் தட்டறது யாருப்பா?” என்றாள். தட்டுவது எனக்கும் கேட்டது. பெரியவர்கள் தட்டினால் கதவின் நடுவில் சத்தம் வரும். இது கீழே, தாழ்ப்பாளுக்கு வெகு கீழே, ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று. அவசரமே இல்லை. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வாசற்படி நன்றாகத் தெரிந்தது, வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அதில் யாரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி மூன்று தட்டு. தூசி வருகிறது என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன்.

என் மனைவிக்கு இதில் பயமே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. “என்னங்க, கதவத் திறந்து பாத்துட்டா என்ன? ஆள் இருந்தா உள்ள வரட்டும், இல்லன்னா சாத்திக்கலாம்” என்கிறாள். அனுமதி இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது என்று ஆயிரம் பிரதி அச்சடித்து விற்றவன் வீட்டில் கதவைத் திறப்பதா என்று கேட்டேன். “அனுமதி குடுக்க வேண்டிய பெரியவரே நீங்கதான. குடுங்க” என்றாள். இப்படிப்பட்டவளோடு வாதம் செய்வது எப்படி. நான் இன்னொரு தாழ்ப்பாள் வாங்கி வந்து மேலே பொருத்தினேன். அதைப் பொருத்தும்போது கீழே தட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆணி அடிக்கும் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். நான் நிறுத்தும்போதெல்லாம் அதுவும் நிறுத்தி, என் சுத்தியலுக்காகக் காத்திருந்தது.

நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டு என் கோரிக்கைக்கு வருகிறேன். மாலை நாலரை மணிக்கு வாயாடி என்னிடம் வந்து, “அப்பா, அவ கை வலிக்கும்ப்பா. நீங்க திறக்கலன்னா நான் போய் அவகூட நிக்கறேன்” என்றாள். மிரட்டல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், கடைக்குப் போய்வருகிறேன் என்கிற மாதிரி. நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் கொல்லைப்புறம் வழியாகச் சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டாள். முன்னறை மேஜையில் அவளுடைய புத்தகம் பதினான்காம் பாடத்தில் விரிந்து கிடந்தது. பார்த்தேன். படத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருத்தி கையில் கூடை. மற்றவள் பின்னலில், காலையில் என் மனைவி கட்டிவிட்ட ரிப்பன், ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு, அது எப்போதும் தொங்குகிற மாதிரியே.

நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. புத்தகத்தை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்தபடியே பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் மனைவி கொல்லைப்புறமாக ஓடிப் போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வந்தவளின் கை சில்லென்று இருந்தது. நல்ல வெயில் நேரம். பிறகு எழுந்து புத்தகத்தைப் பிரித்தேன். ஒருத்திதான் நின்றாள். மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கண் டாக்டர் போன வருடமே சொன்னார். அதுதான் காரணம் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் இன்னொரு மாலையில் நான் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது அவள் போய், படத்தில் இரண்டு பேர் அப்படியே நின்றுவிட்டால், நான் யாரிடம் போய்க் கேட்பது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடமா.

ஆகவே மாப்பிள்ளை, என் கோரிக்கை இதுதான். ஒரு சின்னத் துண்டுத் தாளில் பிழைதிருத்தம் அச்சடித்து, விற்ற பிரதி, விற்காத பிரதி எல்லாவற்றுக்கும், எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்ப வேண்டும். வாசகம் இப்படி இருக்கட்டும்: ‘பதினான்காம் பாடம், கடைசி வரி. அவள் திரும்பி வரவே இல்லை என்பதை நீக்கிவிட்டு, பொழுது சாயும் வேளையில் அவள் அழுதுகொண்டே வந்து கதவைத் தட்டினாள், தாய் கதவைத் திறந்தாள், அவளை அணைத்து உள்ளே அழைத்துக்கொண்டாள் என்று வாசிக்கவும்.’ இரண்டாம் பதிப்பில் இடம் இல்லையென்றால் படத்தைச் சிறியதாக்குங்கள். படத்தைச் சிறியதாக்க முடியாதென்றால் நீதியை வெட்டுங்கள். அதை இதுவரை யாரும் கடைப்பிடித்ததாகத் தெரியவில்லை. நான் தவறு செய்துவிட்டேன், நீங்களும் செய்தீர்கள். இரண்டு வரிக்காகச் செய்தோம். அவள் எத்தனை நாளாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று கணக்குப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

மற்றபடி இதை வைத்து எனக்குப் புத்தி தடுமாறிவிட்டதாகத் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள். தட்டும் சத்தம் என்பது மரம் வெயிலில் நெளிவதால் வருவது. பிள்ளைகள் சொல்லும் வரி ஏதோ பழைய புத்தகத்திலிருந்து தொற்றிக்கொண்டது. நான் கற்றவன்; இந்த வீட்டின் தெருக்கதவு என் அனுமதி இல்லாமல் திறக்கப்படாது, நானும் அனுமதி கொடுக்கப்போவதில்லை. பிழைதிருத்தம் கேட்பது இலக்கியத்தின் நன்மைக்காக மட்டுமே. தங்கைக்கும் பையன்களுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். நீங்கள் நீண்ட ஆயுளோடும், உங்கள் மெஷின் நின்றுவிடாமலும் வாழ வேண்டும். கடைசிக்கு ஒத்திவைத்த வரியை இப்போது எழுதுகிறேன்: இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான், என் மனைவி, வாயாடி, ஆக மூன்று பேர்.

இப்படிக்கு, உங்கள் நலம் நாடும் மைத்துனன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தபால் தலை தேடப் போன நேரத்தில் வாயாடி என் மேஜையைக் குடைந்து, பழைய கையெழுத்துப் பிரதியை எடுத்திருக்கிறாள். நான் கோடு போட்டு அடித்த மூன்று வரியையும் கத்தரித்து, பசை தடவி, தன் புத்தகத்தில் கடைசி வரியின் மேல் ஒட்டியிருக்கிறாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவளுடைய பழைய குரலைக் கேட்கிறேன் என்ற சந்தோஷத்தில் நான் தடுக்கவில்லை. ‘தாய் கதவைத் திறந்தாள்’ என்று அவள் வாசித்ததும், என் மனைவி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள், இரண்டு தாழ்ப்பாளையும் நீக்கினாள், திறந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்துவிட்டாள். கூடையை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். வலது கை விரல் முட்டியெல்லாம் சிவந்து தடித்திருக்கிறது. என் மனைவி எண்ணெய் தடவிவிட்டாள். முகத்தை மட்டும் இன்னும் எங்களுக்குக் காட்டவில்லை. எந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாலும் முதுகுதான் தெரிகிறது. வாயாடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவள் பேச ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. புத்தகத்தில் கதவு திறந்திருக்கிறது, படியில் யாரும் இல்லை. ஆகவே பிழைதிருத்தத் தாள் வேண்டாம்.

பின்குறிப்புக்கும் ஒரு பின்குறிப்பு: கதவைச் சாத்தப் போன என் மனைவி சாத்தாமல் நிற்கிறாள். வாசலில் இன்னும் நாலு பேர் நிற்கிறார்களாம். ஒருவன் உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறான், அது ஆறாம் பாடம், கிணறு. படகுப் பையனும் நனைந்துதான் இருக்கிறான். மரமேறியவன் நொண்டுகிறான். பள்ளிக்குப் போகாதவன், கரடி தெருமுனையில் நிற்பதாகவும், அதற்கும் பசி என்றும் சொல்கிறான். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்து, “என்னங்க, மொத்தம் எத்தன பேர இப்படி எழுதி வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். இரண்டாம் வாசகத்தில் ஐந்து என்றேன். மூன்றாம் வாசகத்தைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வேன். அது இப்போது உங்கள் மெஷினில் இருக்கிறது. அதில் பதினொரு பேர்.

மெஷினை உடனே நிறுத்துங்கள். கோர்த்த எழுத்தையெல்லாம் கலைத்துவிட்டு என் பிரதியைத் திருப்பி அனுப்புங்கள். பதினொரு பேரையும் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் இனிச் சாப்பாடு. ஆளுக்கு நாலு வரியோ நாற்பது வரியோ, எத்தனை பக்கம் கூடுகிறதோ அத்தனையும் கூடட்டும். அதுவரையில் உங்கள் வீட்டுக் கதவைத் தாழிடாமல் வைத்திருங்கள். ‘இடம் இல்லை, வெட்டவும்’ என்று நீங்கள் எழுதிய கார்டு மேஜையில்தான் கிடந்தது; பதினான்காம் பாடத்துப் பெண் அதை எடுத்து எழுத்துக் கூட்டாமல் வாசித்துவிட்டாள். இப்போது நான் உறையின் மேல் உங்கள் விலாசத்தை எழுதுகிறேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று அதையும் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.